முட்டை ஏற்றிய சிவப்புக் கார்

ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் செயற்கைப் பல் செய்யும் யோஷினாரி மொமோசேவுக்கு ஐம்பத்தாறு வயதில் ஓர் ஆசை பிறந்தது. மலைப்பாதையில் சீறவிட்டே பழகிய தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓட வைத்துவிட வேண்டும். அது ஒன்பதைத் தாண்டியதே இல்லை.

பின்னால் நிமிர்ந்து நின்ற பெரிய இறக்கையைக் கழற்றினார். எடை குறைந்த சக்கரங்கள் மாட்டினார். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைப் புதுப்பித்தார், பின் சீட்டையும் எடுத்துவிட்டார். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைச் செலவான பெட்ரோலால் வகுத்துப் பார்த்தால் பதினொன்று வந்தது. அதற்குமேல் என்ன செய்தும் ஏறவில்லை.

ஜனவரியில் வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அந்த வாரம் பார்த்து மனைவி சிகுசாவின் சின்னக் கார் தகுதிச் சோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் பட்டறைக்குப் போயிருந்தது. கோழிப்பண்ணையிலிருந்து வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு முட்டை கொண்டுபோவது அவள் வேலை.

"உங்க ராஜகுமாரியை நான் எடுத்துட்டுப் போறேன். சாவி எங்க?"

"கிளட்ச் முரண்டு பிடிக்கும், சொல்லிட்டேன்."

"இருபத்தெட்டு வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன். அதைவிடவா?"

பின் சீட்டு இருந்த இடத்தில் முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்துக் கணக்குப் பார்த்த யோஷினாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வகுத்தார். பதின்மூன்று புள்ளி ஆறு.

"டேங்கை முழுசா நிரப்பினியா?"

"வழியுற அளவுக்கு."

நம்பிக்கை வரவில்லை. மறுநாள் நொண்டிக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்துச் சிக்னல் சிவந்ததுமே அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். எஞ்சின் குரல் உயரும் முன்பே கியரை மாற்றினாள். வளைவுக்கு வரும்போது வண்டி தானாகவே அடங்கியிருந்தது.

"பின்னால வர்றவன் திட்டுவான்."

"திட்டட்டும். அவன் வண்டியில முட்டை இல்லையே." ஓரம் கட்டிப் பின்னால் வந்த வேனுக்கு வழிவிட்டாள். அடுத்த சிக்னலில் அதே வேன் அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனபின் யோஷினாரி கேட்டார். "அப்ப நான் மாட்டின சக்கரம், கழட்டின இறக்கை, எல்லாம் தண்டமா?"

"யார் சொன்னா? காலை எடுத்தப்புறமும் எவ்வளவு தூரம் உருளுது பாருங்க. என் வண்டி பாதியிலயே நின்னுடும். அது உங்க கைவேலை."

அவருக்குக் காது மடல் சூடேறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கால் சரியானதும் அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில் இருந்து விரட்டினாள். "இப்ப காலை எடுங்க. பிரேக்கை மிதிக்கச் சொல்லலை, எடுங்கன்னுதான் சொன்னேன்." மார்ச்சில் பன்னிரண்டரை, ஏப்ரல் கடைசியில் பதின்மூன்று புள்ளி ஒன்று.

மே மாதம் கார்ப் பிரியர்கள் சங்கம் நடத்திய எரிபொருள் சிக்கனப் போட்டியில் நான்காவதாக வந்தார்கள். பரிசு எதுவும் கிடையாது. மலை மேல் ஒரு கடையில் ஆளுக்கு இரண்டு தட்டு சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள். மூன்றாவது வளைவு திரும்பும்போது சிகுசாவிடமிருந்து சத்தமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓட்டும்போது அவள் கண்ணயர்ந்தது அதுதான் முதல் தடவை.