வரப்பு மூலையில் ஒரு டிஷ்

எரியோட்டுக்கு வெளியே எங்கள் தோட்டத்தில் தகரக் கூரை போட்டு நானும் என் மனைவியும் குடிபோன புதிது. செல்போனில் சிக்னல் நிற்காது. பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. டிவியாவது இருக்கட்டும் என்று டிஷ் வாங்கினேன். மாட்ட வந்த மெக்கானிக் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தென்கிழக்க பூராம் தென்னையா நிக்குதுண்ணே. அந்த வரப்பு மூலைலதான் வானம் தெரியுது."

வரப்புக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் நிலம். பாகம் பிரித்ததிலிருந்து பேச்சில்லை. நான் வரப்பை வெட்டிச் சுருக்குகிறேன் என்பான் அவன். அவன்தான் சுருக்குகிறான் என்பேன் நான். இருந்தாலும் என் பக்கம்தானே என்று குழி தோண்டி, இரும்புக் குழாயை நிறுத்தி, டிஷ்ஷை மாட்டினோம். குழிக்குப் போட சட்டியில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, யாரக் கேட்டு ஊண்டுற?"

கையில் கடப்பாரையோடு அண்ணன் நின்றான்.

"என் எடத்துல ஊண்ட யாரக் கேக்கணும்?"

கடப்பாரையை ஓங்கி டிஷ்ஷில் இறக்கினான். தகடு இரண்டாக மடங்கியது. அடுத்த வீச்சு எனக்கு. தலையை விலக்கினேன், இடது தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. வலது கைக்கு அகப்பட்ட மண்வெட்டியைத் திருப்பி, காம்பால் அவன் முழங்காலில் போட்டேன். விழும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இருவரும் உருண்டோம். என் காதைக் கடித்தான். நான் அவன் கழுத்தை அமுக்கினேன். அந்த நேரத்தில் அவன் செத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"விடுங்க, செத்துருவாரு!" என்று என் மனைவி என் முதுகில் அறைந்தாள்.

புரண்டதில் சட்டி கவிழ்ந்து சிமெண்ட் முழுக்க அவன் முகத்தில் கொட்டியது. கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் அலறிய அலறலில் என் கை தானாக விட்டது.

"தேய்க்க விடாதீங்கண்ணே! தண்ணி, தண்ணி!" என்று மெக்கானிக் கத்தினார்.

மனைவி ஓடிப்போய் மோட்டாரைப் போட்டாள். நானும் மெக்கானிக்கும் அவனைத் தொட்டிக்கு இழுத்துப் போனோம். அவர் அவன் தலையைக் குழாய்த் தண்ணீருக்கு நேரே பிடித்துக்கொள்ள, நான் விரலால் இமையைப் பிளந்தேன். உதைத்துக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை.

மெக்கானிக் பைக்கை ஓட்ட, அவனை நடுவில் வைத்து, பின்னால் நான் ஒற்றைக் கையால் பிடித்தபடி திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னான்.

"சிமெண்ட் குழைக்கையில தெறிச்சிருச்சு சார்."

"இவருக்குத் தோள்ல?"

"கீழ விழுந்துட்டான்."

வலது கண் தப்பியது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார்கள். நான் அதன்பின் டிஷ் வாங்கவில்லை.

போன கோடையில் சர்வேயரை வரவழைத்து அளந்தோம். சங்கிலியின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான். எல்லை என் பக்கம் உள்ளே வந்து எனக்கு ஒரு முழம் குறைந்தது. மறுத்துப் பேசவில்லை. கல் நட்டதும் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நானும் கூப்பிடவில்லை.