குளிர்பெட்டியில் வைத்த நொதி

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவியாக இருந்தேன். ரொட்டிக்கடையில் ஈஸ்ட் வாங்கி, சர்க்கரையை இரண்டாக உடைக்கும் இன்வர்டேஸ் நொதியை மூன்று வாரம் பாடுபட்டுப் பிரித்தெடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன்.

விருந்தாளிகளுக்கான கலர் சோடா பாட்டில்களை அதில் வைக்க இடம் போதாமல், துறைத்தலைவர் என் நொதி இருந்த சோதனைக் குழாய்களை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் கிடந்தன. சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை உடையவே இல்லை.

"என் நொதி செத்துப்போச்சு சார்."

"ஈஸ்ட்டுதானேம்மா, கடையில வேற வாங்கிக்க," என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குளிர்பெட்டியில் மிச்சமிருந்த கலர் பாட்டில்களை எடுத்து அவர் மேசைமேல் நங்கென்று வைத்தேன்.

"கடையில கெடைக்கிறது இதுதான் சார். நான் மூணு வாரமா செஞ்சது எந்தக் கடையில கெடைக்கும்?"

மன்னிப்புக் கடிதம் கேட்டார். நான் எழுதவில்லை. மறுநாளே முதலிலிருந்து தொடங்கினேன். கோபம் மட்டும் ஆறவேயில்லை.