நாக்கில் தடவிய வசம்பு

ஏழாம் மாதத்திலேயே பிறந்த என் மகனுக்கு வயிறு வீங்கி, மலத்தில் ரத்தம் வந்தது. படப்பையிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல் அழுகிவிடும், சொட்டுப் பால்கூடக் கொடுக்காதே என்று டாக்டர் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினார். பச்சைக் குழந்தையைப் பட்டினி போடுவதா வைத்தியம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வீக்கம் வடிந்தது. பிறகு பசியில் ஓயாமல் கத்தினான்.

ஒருநாள் நான் குளித்துவிட்டு வார்டுக்குத் திரும்பி வந்தபோது அழுகைச் சத்தமே இல்லை. அவன் உதட்டில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. காவலுக்கு வைத்துவிட்டுப் போன நாத்தனார் சிரித்தாள்.

“வசம்பு சுட்டு ஒரசி நாக்குல வச்சேன். கம்முனு ஆயிட்டான் பாரு.”

“அடிப்பாவி!” என்று அலறினேன்.

“இன்னாத்துக்குக் கத்துற?” என்றபடி பக்கத்துத் தொட்டிலைக் காட்டினாள். “அந்தக் கொயந்தைக்கும்தான் வச்சேன். பாவம், அதுவும் பட்டினியாமே.”