இடது பக்கத்து சீட்

எங்கள் பழைய கார்தான் எனக்குச் சக்களத்தி. சுங்கை ஊடாங்கில் வேலை பார்த்த என் கணவர், ஞாயிறு முழுக்க அதற்குள் வயர் இழுத்துக்கொண்டே கிடப்பார். ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் பொருந்தும் என்று பாச்சாங்கில் இருந்த ரேடியோ கடைக்காரரிடம் மணிக்கணக்கில் பேசுவார். என்னிடம் "சாப்பாடு ஆச்சா" என்பதோடு சரி.

வயர் வேலை முடிந்த அன்று, அவருடைய நண்பர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டார். நான் கார் ஜன்னலோரம் எரிச்சலோடு நின்றிருந்தேன்.

"என்ன மச்சான், ஓட்டுறவனுக்குச் சரியா கேக்கலையே. சின்ன ஸ்பீக்கர் ரெண்டையும் அந்தப் பக்கமே திருப்பி வச்சிருக்க?"

என் கணவர் நிமிராமல் சொன்னார்: "அங்கதான்லா அவ உக்காருவா."

காரின் மேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று. இப்போது அந்த சீட்டின் மேல்தான். மெர்லிமாவ் போகும்போது மாமியாரைக்கூட அதில் உட்கார விடுவதில்லை.