குளிரில் ஒரு நாள் கிடந்த பிளேடுகள்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் நம்பர் அக்கா. உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த எஃகுப் பிளேடுகள் எவ்வளவு கடினம் என்று மெஷினில் அளந்து சொல்வது அவள் வேலை. அவள் அறுபது என்றால் அறுபதுதான், மறுபேச்சு கிடையாது.

ஆனால் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போன பிளேடுகள் பத்தே நாளில் மழுங்கின. இத்தனைக்கும் அறுபது இருந்தது. காய்ச்சி முக்கிய பிறகும் எஃகின் ஒரு சிறு பகுதி இறுகாமலே தங்கிவிடும், திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் அதுவும் இறுகும் என்று அவள் படித்திருந்தாள். முதலாளியை நச்சரித்து அனுமதி வாங்கினாள்.

முதல் தடவை நான்கு பிளேடுகளை நேராக நைட்ரஜன் தொட்டியில் இறக்கினாள். மூன்று விரிசல் விட்டன.

"யார் பண்ணது?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். மெதுவா குளிர வெச்சிருக்கணும், அவசரப்பட்டுட்டேன்."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

அடுத்த நான்கை மணிக்கணக்கில் படிப்படியாகக் குளிர்வித்து, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்து, நிதானமாக வெளியே எடுத்து, மறுபடி இளஞ்சூடு காட்டினாள். மெஷின் அறுபத்தொன்று என்றது.

"ஒரு நம்பருக்கா இவ்வளவு பாடு?" என்றார் முதலாளி. அவள் நான்கையும் பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தாள்.

அவள் கணவர் சாணை பிடிப்பவர். பெட்டிக் கம்பெனியின் பிளேடுகளைத் தீட்டுவதுதான் அவருக்குப் பாதிப் பிழைப்பு. ஒருநாள் சாப்பிடும்போது, "உன் நாலு பிளேடு நாற்பது நாளா ஓடுது. இன்னும் என்கிட்ட வரல," என்றார்.

"இதை எங்க சார்கிட்ட சொல்வீங்களா?"

அவர் கை தட்டில் நின்றது. எல்லாப் பிளேடும் இப்படி உழைத்தால் தன் வேலை என்னாகும் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"சொல்லலேன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்," என்றாள்.

"கண்ணால பாத்ததைச் சொல்றதுல என்ன இருக்கு," என்று எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் அந்த நான்கில் ஒன்றோடு பட்டறைக்கு வந்து, மழுங்காத விளிம்பை முதலாளியிடம் பூதக்கண்ணாடியில் காட்டினார். அடுத்த மாதமே பெரிய தொட்டி வந்தது. அவருடைய வேலையில் பாதி போனது. தையல்கடைகளின் கத்தரிகளைத் தேடி அலைந்தார். சில மாலைகளில் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார், அவளும் நோண்டவில்லை.

இப்போது அவள் அறிக்கையில் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம், எத்தனை நாள் உழைத்தது என்று. அதை நிரப்ப அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் உடனே சொல்லமாட்டார். ஆனால் சரியாகச் சொல்வார்.