பொய்க் கோடு

கிளப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தப்பு டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பிழைப்புக்கு அவள் பல் செட் செய்தாள். ஊரில் இருக்கும் பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து மெழுகில் பல் வரிசையை நிறுத்தி, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கடிக்கவிட்டுப் பார்த்து, உயர்ந்ததைத் தேய்த்துக் கொடுப்பாள். ஒரு பல் மயிரிழை தூக்கியிருந்தாலும் போட்டுக்கொள்கிறவர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆகவே குறை எங்கே என்று தேடும் கண் அவளுக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கண்ணைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

காட்டில் நடப்பது ஓரியன்டியரிங். கையில் ஒரு வரைபடத்தையும் காம்பஸையும் கொடுத்துவிடுவார்கள். புதருக்குள்ளும் பாறை இடுக்கிலும் கட்டிவைத்திருக்கும் ஆரஞ்சு நிறக் கொடிகளை வரிசை மாறாமல் தேடிப்பிடித்துவிட்டு ஓடிவர வேண்டும். பாதை யாரும் சொல்லமாட்டார்கள். வழியில் யாரையாவது பார்த்தாலும் பேசக் கூடாது. வேகமாக ஓடுகிறவன்தான் ஜெயிப்பான் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். முதல் நாளே நாக்குத் தள்ள ஓடி, பக்கத்துக் குன்றில் போய் நிற்பார்கள்.

அவளும் அவள் கணவரும் அப்படித்தான் தொடங்கினார்கள். கல்யாணமான புதிதில், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருவரும் நடுக்காட்டில் சண்டை போட்டதுதான் அவர்களுடைய முதல் போட்டி. அவர் லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு சோப்பு போட்டாலும் விரலில் கிரீஸ் வாசனை போகாது. ஆனால் போகப் போக, காட்டை அவர் மாதிரி படிக்கிற ஆள் கிளப்பில் இல்லை என்றாகிவிட்டது. காம்பஸைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். அவளுக்கு அதில் பொறாமை உண்டு. ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லியே அவரை வம்புக்கு இழுப்பாள்.

போட்டி முடிந்ததும் அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். கிளப் செயலாளர் ஒரு பேக்கரிக்காரர். அவருடைய வேன் பக்கவாட்டில் எல்லோரும் வரைபடத்தை விரித்துவைத்து, தான் போன வழியைச் சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டும். போக நினைத்த வழியை அல்ல, போன வழியை. முட்டாள்தனமாகச் சுற்றிய சுற்று, திரும்பி வந்தது, முள்ளில் மாட்டியது, எல்லாம் அதில் வர வேண்டும். சிரிப்பார்கள், கேலி செய்வார்கள், அதோடு சரி. எந்தத் தப்புக்கும் அங்கே மன்னிப்பு உண்டு. பொய்க் கோடு போட்டால் மட்டும் இல்லை.

அந்த வேன் பக்கத்தில்தான் தப்பு டாக்டரின் ராஜ்ஜியம்.

"தப்பு தெரிஞ்ச இடத்தைக் காட்டாதீங்க. தொடங்கின இடத்தைக் காட்டுங்க" என்பாள். "கொடி கிடைக்கலைன்னு இங்க நின்னு முழிச்சீங்க, சரி. ஆனா வழி தவறினது இங்க இல்ல. அந்தப் பாதையை விட்டு இறங்கும்போதே தவறியாச்சு."

பக்கத்து ஓடைத் தப்பு என்று ஒன்றை அவள் அடிக்கடி சொல்வாள். ஒன்றை ஒட்டி ஒன்று, ஒரே மாதிரி இரண்டு ஓடைகள் இருக்கும். தவறான ஓடையில் இறங்கிவிட்டு, இதுதான் அது என்று மனசு முடிவுகட்டிவிடும். அப்புறம் வரைபடத்தில் பாறை இருந்தால் காலில் இடறுகிற கல்லையெல்லாம் அந்தப் பாறை என்று சாதிக்கும். "நம்ம கண்ணு நல்லாத்தான் இருக்கும். மனசுதான் இழுத்துட்டுப் போகும்" என்பாள். எவ்வளவு நன்றாகச் சொன்னாள் பாருங்கள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

அந்த வருடக் கடைசிப் போட்டியில், அவள் தன் வழியில் ஓடிக்கொண்டிருந்தபோது, கம்பி வேலி ஓரத்தில் கணவர் நிற்பதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாருக்குமே கொடி கிடையாது. அவர் வரைபடத்தைத் திருப்புவதும், வேலியைப் பார்ப்பதும், மறுபடி திருப்புவதுமாக நின்றார். 'ஐயா இன்னிக்கு மாட்டினார்' என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேசக் கூடாதே என்று ஓடிவிட்டாள்.

அவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வேன் பக்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். பேனாவை வாங்கி, கொடிக்குக் கொடி, அழகாக, வளைவு நெளிவு இல்லாமல் கோடு போட்டார். வேலிப் பக்கம் பேனா போகவே இல்லை.

"வேலிக்கிட்ட போனீங்களே, அது எங்க?" என்றாள், சிரித்துக்கொண்டுதான்.

"எந்த வேலி?"

"ஏங்க, விளையாடாதீங்க. நான் பார்த்தேன்."

"நான் வேலிப் பக்கம் போகவே இல்லையே. இப்படித்தான் வந்தேன்."

"இப்படி வந்தா ஏன் இவ்வளவு நேரம்?"

பேக்கரிக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார். அவள் விடவில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் வீட்டிலேயே பொய்க் கோடா?

"தப்பு பண்ணாதவங்க இங்க யாரும் இல்ல. பண்ணிட்டு மறைக்கிறதுதான் அசிங்கம். எல்லார் முன்னாடியும் பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்னை நம்பலையா?"

"கண்ணால பார்த்தேங்க. எப்படி நம்புறது?"

அவர் பேனாவை மூடி வேன்மேல் வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷூவை எடுக்கவில்லை. அதற்கு அடுத்ததும் எடுக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது ஐயாவுக்கு என்று அவளும் கூப்பிடவில்லை. பிடிவாதத்தில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

பிறகு வீட்டிலும் பொய்யாக வந்தது. வெளியூரில் இருக்கும் மகளோடு போனில் பேசியாகிவிட்டது என்பார். மகள், "அப்பா பேசவே இல்லம்மா" என்பாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்பார், எரிந்துகொண்டிருக்கும். வேலை முடிந்து எங்கே போனீர்கள் என்றால் நேராக வந்தேன் என்பார், காலில் எங்கிருந்தோ சேறு. ஒவ்வொன்றையும் அவள் அந்தக் கோட்டோடு சேர்த்துவைத்தாள். ஒரு தடவை பொய் சொன்னவருக்குப் பழகிவிட்டது என்று நினைத்தாள். இன்னும் மோசமாகவும் நினைத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் பழைய அறைக்குப் போய்விட்டாள்.

அந்த மாதங்களில் அவர் எப்படித் தவித்திருப்பார்! காலடியில் தரை நழுவுகிறது, கூட இருக்கிறவளோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் யாரிடம் சொல்வார்?

கடைசியில் அவரோடு வேலை பார்ப்பவர் போன் செய்தார். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், கையில் ஸ்பேனரோடு அவர் அழுதுகொண்டு நிற்கிறாராம். எதற்கு வந்தோம் என்று தெரியவில்லையாம்.

நரம்பு டாக்டர் நிறைய சோதனைகள் செய்தார். மறதி நோய் என்றார், இந்த வயதிலும் வரும் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எப்போ தொடங்குச்சு?" என்று கேட்டார்.

மொட்டைமாடியைச் சொல்ல வாயெடுத்தாள். தப்பு தெரிந்த இடம் அது. தொடங்கின இடம் வேலி.

"அவர் ஏன் டாக்டர் மறைச்சார்? போகாத வழியைப் போனேன்னு ஏன் கோடு போட்டார்?"

"அவர் மறைக்கலம்மா. அந்த நேரம் அவருக்குள்ள பதியவே இல்ல. காலி இடத்தை மூளை தனக்குத் தெரிஞ்சதை வச்சு நிரப்பிக்கும். அவரைப் பொறுத்தவரைக்கும் அவர் சொன்னது நிஜம்தான்."

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். இரண்டு ஓடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பொய், ஒன்று நோய். அவள் தவறான ஓடையில் இறங்கி, கிடைத்த கல்லையெல்லாம் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டே இத்தனை தூரம் வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். "வேன்கிட்ட உங்களை அப்படிப் பேசிட்டேனே. என்னை மன்னிச்சிடுங்க."

"எந்த வேன்? நமக்குள்ள சண்டையா?" என்று அவர் சிரித்தார். "போடி பைத்தியம்."

அதைக் கேட்டு அவளுக்கு உயிர் வந்தது. மறந்துவிட்டார், அதுவாவது மறந்ததே என்று நினைத்துக்கொண்டாள். மன்னிக்கிறவருக்கு நினைவே இல்லாத மன்னிப்பு என்ன மன்னிப்பு என்று பிறகு ஒருநாள் தோன்றியது. ஆனாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வேலையைக் குறைத்துக்கொண்டாள். பிற்பகலில் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவாள். கையில் ஏதாவது பழைய வரைபடம் இருந்தால் அவர் அமைதியாக நடப்பார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கையை நீட்டுவார். அவள் சிவப்புப் பேனாவைக் கொடுப்பாள். வேறெல்லாம் போனபிறகும் அது மட்டும் போகவில்லை. வரைபடம் எந்தக் காட்டினுடையதோ, அவர் பாட்டுக்கு அதில் கோடு போடுவார். ஏரியின் நடுவில் போகும், பாறை முகட்டில் ஏறும். அவள் திருத்தமாட்டாள்.

போன வாரம் கோட்டைப் போட்டு முடித்துவிட்டு அவர் அவளை உற்றுப் பார்த்தார். யாரோ புது ஆளைப் பார்க்கிற மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"நான் இப்படித்தாங்க வந்தேன். நீங்க நம்புறீங்களா?"

அவர் ஒருநாளும் அவளை நீங்க என்றதில்லை.

"நம்புறேங்க" என்றாள். "நேராத்தான் வந்தீங்க."

"நீங்க நம்புறீங்க. எங்க வீட்டுக்காரி நம்பல." அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா. பொய் சொல்றியான்னு."

எல்லாம் மறந்தவருக்கு அது மட்டும் எங்கேயோ உள்ளே தங்கியிருந்தது. அவள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க தப்பாப் பார்த்திருப்பாங்க. அவங்க மேலதான் தப்பு."

அவர் சட்டென்று இல்லையென்று தலையாட்டினார். அவருக்குக் கோபம்கூட வந்தது போலிருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க. அவ பார்த்தா தப்பா இருக்காது" என்றார். "நான்தான் எங்கயோ வழி தவறிட்டேன்."