என் கணவர் நோயாளியாக நடித்த நாட்கள்

செஞ்சியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தேன். வாசிப்பதும் எழுதுவதும் எப்படியோ கைக்கு வந்துவிட்டன. பேச்சுத் தேர்வுதான் பயமாக இருந்தது. அதில் ஒரு அட்டை கொடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பயந்து வீட்டுக்குக் கிளம்பும் நோயாளி, மாத்திரையை நிறுத்திவிட்ட நோயாளி என்று அட்டையில் ஏதாவது ஒரு நிலைமை இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் அட்டையைப் பார்த்து அந்த நோயாளியாக நடிப்பார். ஐந்து நிமிடம் அவரோடு பேச வேண்டும்.

ஆன்லைன் வகுப்பெடுத்த டீச்சர், வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்துப் பழகச் சொன்னார். சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் மூன்றே பேர். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. கணவர் டிப்ளமோ படித்தவர், ஆங்கிலம் நன்றாகவே வாசிப்பார். ஆனால் அவருக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய்.

செஞ்சியில் அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வல்லம் பக்கத்து விவசாயிகள் கருகிய போர் மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். என்ன போயிற்று, எப்போது கிடைக்கும் என்று இவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுவார். போன் வந்தால் எடுக்க மாட்டார், மெசேஜ் அனுப்புவார். கல்யாணமான ஆறு வருடங்களில் அவர் ஒரு வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் முடித்து நான் கேட்டதில்லை. "சா… சா…" என்பார். "சாப்பாடா? இதோ எடுத்து வைக்கிறேன்" என்று எழுந்துவிடுவேன். மாமியாரும் அப்படித்தான். அவர் கஷ்டப்படக் கூடாது என்றுதான் செய்தோம்.

அதனால் அவரைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே இரண்டு குரலிலும் பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது, அவர் வந்து எதிரே உட்கார்ந்து நோயாளியின் அட்டையை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றேன்.

அவர் அட்டையை ஒருமுறை வாசித்தார். பிறகு தோளைத் தளர்த்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். மூன்று நாளாக வலி. இரவில் தூக்கமில்லை. ஆபரேஷன் வேண்டாம், தன் அண்ணன் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எதிலும் அவர் நாக்கு சிக்கவில்லை. இலக்கணம் அங்கங்கே தப்பியது. குரல் மட்டும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்தக் குரலின் முழுக் கனத்தையும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

நான் பேச வேண்டிய முறை வந்தது. அட்டையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே வந்தார். மடியிலிருந்த நிலக்கடலைப் பருப்பெல்லாம் தரையில் சிதறியது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

"யாரு பேசுனது? எம்புள்ளயா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம் அத்தை."

"இன்னா சொன்னான்?"

"வயிறு வலிக்குதுன்னாரு. சும்மா, நடிப்புக்கு."

"இன்னொரு தபா பேசச் சொல்லு."

அவர் மறுபடி பேசினார். ஒரு வார்த்தையும் புரியாமல், மகன் முகத்தையே பார்த்தபடி மாமியார் நின்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது நாக்கில் தேன் தடவியது, கோயில் கோயிலாக மணி கட்டியது, ஸ்கூலில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் கெஞ்சியது எல்லாம் அன்று சமைக்கும்போது எனக்குச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு வேறு ஆளாக நடிக்கும்போதோ, வேறு மொழியில் பேசும்போதோ திக்காது, அது தெரிந்த விஷயம்தான் என்றார். காரணம் தெரிந்தபிறகும் எனக்குப் பிரமிப்பு குறையவில்லை. கணவரிடமே கேட்டதற்கு, சிரித்துக்கொண்டு, "அ… அது நா… நான் இல்ல. பே… பேஷண்ட்டு" என்றார்.

அதிலிருந்து தினமும் நான் டியூட்டி முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அவர் நோயாளி. சர்க்கரைக்காரராக, கால் உடைந்த லாரி டிரைவராக, பிரசவத்துக்கு வந்த மனைவியின் கணவராக விதவிதமாக வந்தார். அட்டையில் இல்லாததையெல்லாம் சேர்த்தார். மாமியார் கதவருகில் உட்கார்ந்து கேட்டார்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவர் பேச்சு வராத அளவுக்குப் பயந்துபோன நோயாளி. ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். நான் பழக்கதோஷத்தில் வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நான் முடித்தேன். அவர் அட்டையைக் கீழே வைத்தார்.

"லெட் மீ ஃபினிஷ், சிஸ்டர்" என்றார். நிதானமாக, ஆங்கிலத்திலேயே தொடர்ந்தார். நீங்கள் முடித்துவைக்கும் வாக்கியம் எப்போதும் நான் சொல்ல வந்தது இல்லை. எனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நானே முடிக்கிறேன். நீங்கள் காத்திருந்தால் போதும்.

அட்டையில் அப்படி ஒரு வரி இல்லை. நான் தமிழில், "இது பேஷண்ட்டு சொல்றதா, நீங்க சொல்றதா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ரெ… ரெ…" என்றார். 'ரெண்டு பேரும்' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவர் சொன்னது அது இல்லை. "ரெ… ரெம்ப நாளா சொல்ல நெனச்சது" என்றார்.

ஆறு வருடம் இப்படி எத்தனை வாக்கியங்களை நான் மாற்றிப் போட்டிருப்பேன். எனக்குத் தலை நிமிரவில்லை. கூடவே, இவ்வளவு நாளும் இதைச் சுமந்துகொண்டு என்னிடம் ஒருநாள்கூடக் கோபப்படாத மனிதரைப் பார்க்கப் பார்க்க வியப்பாகவும் இருந்தது.

தேர்வு சென்னையில் நடந்தது. அவரும் பஸ்ஸில் கூடவே வந்தார். எனக்கு வந்த அட்டை, குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுக்கும் தாய். எதிரே இருந்த அம்மா பேச்சை நடுவில் நிறுத்தி மேசையைப் பார்த்தார். முன்பென்றால் பாய்ந்திருப்பேன். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரே மெதுவாகத் தொடர்ந்தார், முதல் குழந்தைக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்ததாகச் சொன்னார். அதன்பிறகு எனக்குப் பேசத் தெரிந்தது.

முடிவு வந்த அன்று நேராகக் கடைக்குப் போய்ச் சொன்னேன். பேச்சில்தான் எனக்கு அதிக மதிப்பெண். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று எனக்குக் கையைக் காட்டினார்.

"அ… அம்மா, இ… இவ…"

மாமியார் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். சேலை முந்தானையைக் கையில் சுற்றியபடி மகன் எதிரே நின்று, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.